கண்ணாடி நியூரான்கள்: பிறவியிலேயே வருபவையா, பழக்கத்தில் உருவாகுபவையா?

அந்தியூர் அப்பா

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு நான்கு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். சென்ற வாரம் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு அழைத்துப் போனோம். "உங்கள் பையனுக்கு மூளையில் கண்ணாடி நியூரான்கள் வேலை செய்யவில்லை. பிறவிக் குறை. அதனால்தான் நாம் செய்வதைப் பார்த்துச் செய்வதில்லை, அடுத்தவர் மனமும் அவனுக்குப் புரிவதில்லை" என்றார்கள். திரையில் படங்களைக் காட்டி அந்த நியூரான்களை எழுப்பும் பயிற்சி இருக்கிறதாம். ஆறு மாதத்துக்கான தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். நகையை அடகு வைக்கலாம் என்கிறாள் மனைவி.

கட்டுவதற்கு முன் எனக்குப் புரிய வேண்டும். இந்த நியூரான்கள் எவை? மூளையில் எங்கே இருக்கின்றன? எங்கிருந்து வருகின்றன? பிறக்கும்போது இல்லையென்றால் பிறகு வரவே வராதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வால்பாறை

அண்ணா, நான் நரம்பறிவியலில் ஆய்வு மாணவன். பணம் கட்டுவதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த நியூரானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இத்தாலியில் பார்மா பல்கலைக்கழகத்தில் ஜக்கோமோ ரிட்சொலாத்தியின் குழு, மக்காக் இனக் குரங்குகளின் மூளை கையசைவை எப்படித் திட்டமிடுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் திரியும் சிங்கவால் குரங்கும், மலைப்பாதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்டுக் குரங்கும் அதே பேரினம்தான். நெற்றி மடலில், அசைவுகளைத் திட்டமிடும் முன் இயக்கப் புறணியின் கீழ்ப்பகுதியை எஃப்5 என்று குறிப்பார்கள். அங்கே ஒரு நியூரானுக்கு (நரம்பு செல்லுக்கு) பக்கத்தில் நுண்ணிய மின்முனையை நிறுத்தினால் அது துடிக்கும், அதாவது மின்சமிக்ஞை விடும், ஒவ்வொரு முறையும் கருவியில் பதிவாகும். குரங்கு தன் கையால் உணவுத் துண்டை எடுக்கும்போது துடித்த சில நியூரான்கள், ஆராய்ச்சியாளர் அதே துண்டை எடுப்பதைக் குரங்கு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தபோதும் துடித்தன. உணவை மட்டும் காட்டினால் துடிக்கவில்லை. வெறும் கையை அசைத்துக் காட்டினாலும் துடிக்கவில்லை. கை பொருளைப் பற்ற வேண்டும். தான் செய்யும்போதும் பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் துடிக்கும் இவற்றைத்தான் கண்ணாடி நியூரான்கள் என்கிறார்கள். முதல் கட்டுரை 1992இல் வந்தது. 1996இல் வந்த விரிவான கட்டுரை, இரண்டு குரங்குகளிடம் பதிவு செய்த 532 நியூரான்களில் 92 இந்த வகை என்று கணக்குக் கொடுத்தது. பிறகு பக்க மடலின் கீழ்ப்பகுதியிலும் இவை இருப்பது தெரியவந்தது.

கண்ணில் பட்ட காட்சி அங்கே போய்ச் சேரும் வழியும் ஓரளவு தெரிந்ததுதான். பொட்டு மடலின் மேற்பள்ளத்தில் சில நியூரான்கள் இருக்கின்றன. பிறருடைய கை, முகம், உடல் அசைவதைப் பார்த்தால் அவை துடிக்கும். தானே செய்யும்போது துடிப்பதில்லை. அங்கிருந்து பக்க மடலுக்கும், பக்க மடலிலிருந்து எஃப்5க்கும் செய்தி போகிறது.

2001இல் நடந்த சோதனையைக் கவனியுங்கள். கை பொருளைப் பற்றும் கடைசிக் கட்டத்தைத் திரை போட்டு மறைத்தார்கள். திரைக்குப் பின்னால் பொருள் இருக்கிறது என்று குரங்குக்கு முன்பே காட்டியிருந்தால், கை திரைக்குள் நுழையும்போது நியூரான் துடித்தது. பொருள் இல்லை என்று காட்டியிருந்தால் துடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிந்த காட்சி இரண்டு முறையும் ஒன்றே. 2002இல், நிலக்கடலைத் தோட்டை உடைக்கும் ஓசையைக் கேட்டாலே துடிக்கும் நியூரான்களைக் கண்டார்கள். 2005இல் பக்க மடலில், எடுத்து வாயில் போடுவதற்காகப் பற்றும் கைக்கும், எடுத்துக் கிண்ணத்தில் போடுவதற்காகப் பற்றும் கைக்கும் நியூரான்கள் வெவ்வேறாகத் துடித்தன. பற்றும் அசைவில் வேறுபாடு இல்லை, நோக்கத்தில்தான் வேறுபாடு.

இவ்வளவு நுட்பமான ஏற்பாடு பரிணாமம் கொடுத்தது என்றே நான் நம்புகிறேன். பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் முன் நாக்கை நீட்டினால் அதுவும் நீட்டுகிறது என்று 1977இல் மெல்ட்சாஃப், மூர் இருவரும் காட்டினார்கள். தன் முகத்தையே பார்த்திராத குழந்தை அது. 2006இல் குரங்குக் குட்டிகளிடமும் இதையே கண்டதாகக் கட்டுரை வந்தது.

சூலூர் ஆசிரியர்

விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். வால்பாறைத் தம்பி சோதனைகளைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் சோதனையில் கண்டதையும் அதற்குத் தாம் கொடுக்கும் விளக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மின்முனை பதிவு செய்தது துடிப்பை. பரிணாமம் கொடுத்தது என்பது அதன் மேல் ஏற்றிய உரை. ஒரு தகப்பன் நகையை அடகு வைக்க நிற்கும்போது இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

அந்த 92 நியூரான்களில், பார்க்கும் செயலும் செய்யும் செயலும் துல்லியமாகப் பொருந்தியவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. பெரும்பாலானவை தளர்வாகப் பொருந்தியவை. ஒரு விதமாகப் பற்றும்போது துடிக்கும் நியூரான், வேறு விதமாகப் பற்றுவதைப் பார்த்தாலும் துடிக்கும். பிறர் செயலை உள்ளே அப்படியே காட்டுவதற்கென்று இயற்கை வடித்தது என்றால் இந்தத் தளர்வு எதற்கு? 2005இல் அதே பார்மாவில், குச்சியாலும் குறட்டாலும் உணவை எடுப்பதைப் பார்த்தால் துடிக்கும் நியூரான்களைக் கண்டார்கள். குரங்கு குறடு பிடிப்பதில்லை. ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கருவிகளைக் கையாள்வதை அந்தக் குரங்குகள் நெடுநாள் பார்த்துப் பழகியிருந்தன. பழக்கம் அல்லாமல் வேறு எது அந்த நியூரான்களைக் குறட்டுக்குத் துடிக்க வைத்தது?

எனக்குச் சரியாகப் படுவது செசிலியா ஹெய்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் விளக்கம். குழந்தை பிறக்கும்போது அசைவுக்கான நியூரான்கள் இருக்கின்றன, காட்சிக்கான நியூரான்களும் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே வலுவான உறவு இல்லை. தொட்டிலில் கிடக்கும் குழந்தை தன் விரலை மடக்கி நீட்டித் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது அல்லவா? அப்போது விரலை மடக்கும் நியூரானும் மடங்கும் விரலைக் காணும் நியூரானும் ஒரே கணத்தில் துடிக்கின்றன. சேர்ந்து துடிப்பவற்றின் இணைப்பு வலுப்படும். இது மூளையில் எங்கும் நடக்கும் சாதாரண வேலை. இப்படிப் பல நூறு முறை நடந்த பிறகு, மடங்கும் விரல் கண்ணில் பட்டாலே போதும், மடக்கும் நியூரான் துடித்துவிடும். அதுதான் கண்ணாடி நியூரான்.

தன் முகத்தைப் பார்த்திராத குழந்தைக்கு முக அசைவு எப்படி என்று தம்பி கேட்பார். அதற்கு வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். குழந்தை வாயைப் பிளந்தால் பாட்டியும் பிளக்கிறாள். உதட்டைக் குவித்தால் அவளும் குவிக்கிறாள். குழந்தை செய்ததை அதன் கண் முன்னே திருப்பிக் காட்டும் வேலையை நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நாள் முழுவதும் செய்கிறார்கள். சப்பாணி கொட்டும் விளையாட்டும் அதே வகைதான்: இருவரும் ஒரே நேரத்தில் ஒரே செயல்.

1977 ஆய்வைப் பற்றி: 2016இல் ஆஸ்திரேலியாவில் 106 குழந்தைகளை ஒன்றாம் வாரம், மூன்றாம் வாரம், ஆறாம் வாரம், ஒன்பதாம் வாரம் என்று தொடர்ந்து பார்த்தார்கள். நாக்கை நீட்டிக் காட்டியபோது குழந்தைகள் நீட்டின. வேறு முகபாவம் காட்டியபோதும் அதே அளவுக்கு நீட்டின. பச்சைக் குழந்தை நாக்கை நீட்டிக்கொண்டேதான் இருக்கும். குரங்குக் குட்டிகளின் பதிவுகளை 2019இல் மறுபடி ஆராய்ந்த கட்டுரையும் பின்பற்றுதலுக்குச் சான்று இல்லை என்றே சொன்னது.

திருப்பூர் கைமடி

எனக்கு ஒரு சந்தேகம். பார்க்கும்போதும் அதே நியூரான் துடிக்கிறது என்றால், பார்ப்பவர் கை ஏன் தானாக அசைவதில்லை?

வால்பாறை

நல்ல கேள்வி அண்ணா. எஃப்5இல் தண்டுவடம் வரை நேரடியாக நீளும் நியூரான்கள் உண்டு. லண்டனில் ரோஜர் லெமன் குழு 2009இல் அவற்றைத் தனியாகப் பிரித்துப் பதிவு செய்தது. தான் செய்யும்போது துடித்த சில நியூரான்கள், பிறர் செய்வதைப் பார்க்கும்போது வழக்கத்தைவிட அடங்கிப் போயின. அசைவைத் தடுப்பதில் இந்த அடக்கத்துக்குப் பங்கு இருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். பார்க்கும்போது துடித்தவையும், செய்யும்போது துடிக்கும் வேகத்துக்கு வரவில்லை.

பெருந்துறை பிசியோ

நான் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் இயன்முறை மருத்துவர். ஆசிரியர் ஐயா சொல்வதைப் படித்தால் இந்த நியூரான்களுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை என்பது போலத் தொனிக்கிறது. அதை என்னால் ஏற்க முடியாது.

1995இல் லூசியானோ ஃபாடிகா மனிதர்களிடம் செய்த சோதனை எங்களுக்கு வகுப்பில் பாடம். தலையின் மேல் காந்தச் சுருளை வைத்து, தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் இயக்கப் புறணிக்குத் துடிப்புக் கொடுத்தால் கைத் தசை சிறிது இழுக்கும். ஒருவர் பொருளைப் பற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதே துடிப்பைக் கொடுத்தால் இழுப்பு அதிகமாகிறது, அதுவும் பற்றுவதற்குப் பயன்படும் தசைகளிலேயே. பார்ப்பது உடலைத் தயார்ப்படுத்துகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா? டம்ளரை எடுத்துக் குடிப்பதை முதலில் பார்க்கச் சொல்லி, பிறகு செய்யச் சொல்லும் பயிற்சி என் நோயாளிகளுக்கு உதவுகிறது. பார்த்துச் செய்பவர்கள் கையை நீட்டும் விதமே வேறாக இருக்கிறது. உணர்ந்து சொல்கிறேன், இது வெறும் பழக்கத்தின் எச்சம் என்று தள்ளிவிடக்கூடியது அல்ல.

சூலூர் ஆசிரியர்

அம்மணி, பழக்கத்தில் உருவானது என்றால் பயனற்றது என்று பொருளா? எழுத்து வாசிக்கும் திறன் முழுக்கப் பழக்கத்தில் வந்தது. அதைவிடப் பயனுள்ளது எது? உங்கள் நோயாளிகள் டம்ளரை எடுத்து எத்தனையோ ஆண்டுகள் பழகியவர்கள். அந்தப் பழக்கம் உருவாக்கிய இணைப்பைத்தான் நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். உங்கள் பயிற்சியை என் விளக்கம் ஆதரிக்கிறது என்றே சொல்வேன்.

நான் மறுப்பது வேறொன்றை. பிறர் செயலைப் புரிந்துகொள்வதற்கே இந்த நியூரான்கள்தாம் அடிப்படை என்ற கூற்றை மறுக்கிறேன். பிறவியிலேயே கைகள் இல்லாதவர்களிடம் 2016இல் வன்னஸ்கோர்ப்ஸ், காரமஸ்ஸா இருவரும் சோதனை செய்தார்கள். கையால் செய்யும் செயல்களின் படங்களை அவர்கள் மற்றவர்களைப் போலவே இனம் கண்டார்கள். கையே இல்லாதவருக்குக் கையால் பற்றும் அனுபவம் எங்கிருந்து வரும்? ஆனாலும் புரிகிறது. கிரெகரி ஹிக்கோக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இலேயே இந்த வகை எதிர்ச்சான்றுகளைத் தொகுத்து எழுதினார். பக்கவாதத்தால் பேச்சை உருவாக்க இயலாமல் போனவர்களில் பலர், பிறர் பேச்சை நன்றாகப் புரிந்துகொள்வதை நீங்களே தினமும் பார்த்திருப்பீர்கள்.

பெருந்துறை பிசியோ

பார்த்திருக்கிறேன் ஐயா. அதற்கு நேர்மாறானவர்களையும் பார்த்திருக்கிறேன். சீப்பை எப்படிப் பிடிப்பது என்ற திறனை இழந்தவர், பிறர் சீப்பைத் தவறாகப் பிடித்தால் அதைக் கண்டுபிடிக்கவும் தடுமாறுவார். இரண்டும் ஒன்றாகப் போவதற்கும் பதிவுகள் உண்டு. எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கவில்லை என்பதால் தொடர்பே இல்லை என்று முடிக்க முடியாது.

காங்கேயம் கும்மி

உங்கள் விவாதத்தைப் படித்தபோது என் வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள் என்று தோன்றியது. நான் வள்ளிக் கும்மி கற்றுத் தருகிறேன். நம் பகுதியில் இந்த ஆட்டத்தை ஒரு காலத்தில் ஆண்கள்தாம் ஆடினார்கள். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். 2024இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை மாவட்டத்து பத்திரப்பன் ஐயா பெண்களுக்கும் கற்றுக்கொடுத்து அந்த வழக்கத்தை உடைத்தார். அவர் திறந்துவிட்ட வழியில் வந்தவள்தான் நானும்.

என்னிடம் வரும் பெண்களில் பலர் சிறு வயதிலிருந்து கோவில் திருவிழாக்களில் கும்மியைப் பார்த்தே வளர்ந்தவர்கள். பாட்டு மனப்பாடமாகத் தெரியும். ஆனால் முதல் நாள் களத்தில் இறங்கினால் கால் போகாது. அதைவிட எனக்கு வியப்பானது இன்னொன்று. ஆடக் கற்பதற்கு முன், வட்டத்தில் யாராவது அடியைத் தவறவிட்டால் இவர்களுக்குத் தெரிவதே இல்லை. நன்றாக ஆடத் தொடங்கிய பிறகு, எதிர்ப்பக்கத்தில் ஒருத்தி அரை அடி பிந்தினால்கூட உடனே கண்ணில் பட்டுவிடுகிறது. அத்தனை ஆண்டு பார்த்தும் தெரியாதது ஆடிய பிறகு தெரிகிறது. ஆகவே செய்து பழகினால்தான் பார்ப்பதும் கூர்மையாகிறது என்பது என் கருத்து. பிறவியில் வந்தது என்றால் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

சூலூர் ஆசிரியர்

அக்கா சொன்னதற்கு ஆய்வகச் சான்று இருக்கிறது. லண்டனில் பியாட்ரிஸ் கால்வோ-மெரினோ குழு 2005இல் பாலே ஆடுபவர்களையும் கப்போய்ரா என்ற பிரேசில் ஆட்டம் ஆடுபவர்களையும் ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து இரண்டு ஆட்டங்களின் காட்சிகளையும் காட்டியது. அவரவர் ஆட்டத்தைப் பார்த்தபோது அவரவர் இயக்கப் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. பழக்கமான காட்சி என்பதால் அப்படி இருக்கலாம் என்று ஒரு கேள்வி எழுந்தது. அதற்காக 2006இல் பாலே ஆடும் ஆண்களையும் பெண்களையும் அழைத்தார்கள். பாலேயில் சில அசைவுகள் ஆண்களுக்கு மட்டும், சில பெண்களுக்கு மட்டும். இருவரும் சேர்ந்தே ஒத்திகை பார்ப்பதால் ஒருவர் அசைவு மற்றவருக்குக் கண்ணுக்கு நன்கு பழகியது. இருந்தும் தாம் ஆடிப் பழகிய அசைவுகளைப் பார்த்தபோதுதான் இயக்கப் பகுதிகள் கூடுதலாகத் தூண்டப்பட்டன. சுற்றி நின்று பார்த்த பெண்களுக்கும் களத்தில் ஆடிய பெண்களுக்கும் அக்கா கண்ட வேறுபாடு அதேதான்.

திருப்பூர் கைமடி

அக்கா சொல்வதை நான் மறுக்கிறேன். பனியன் கம்பெனியில் டெய்லருக்கு உதவும் கைமடியாகச் சேர்ந்தேன். டெய்லர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் ஓவர்லாக் தைக்கக் கற்றேன். யாரும் மெஷினில் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் டெய்லர் வராதபோது உட்கார்ந்தேன், தைத்தேன். பார்த்தே கற்க முடியும் என்பதற்கு நானே சாட்சி.

காங்கேயம் கும்மி

தம்பி, நீங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தீர்களா? துணியை அடுக்கினீர்கள், விளிம்பைப் பொருத்தி டெய்லர் கையில் கொடுத்தீர்கள், தைத்து வந்ததை இழுத்து மடித்தீர்கள். அவருடைய வேகத்துக்கு உங்கள் கையும் நாள் முழுவதும் ஓடியது. நீங்கள் களத்துக்கு உள்ளேயே இருந்திருக்கிறீர்கள்.

எனக்கு ஒரு கேள்வி. வட்டத்தில் நான் மாணவிகளுக்கு எதிரே நின்று சொல்லிக்கொடுத்தால், நான் வலக்கால் வைக்கும்போது அவர்கள் இடக்காலை வைக்கிறார்கள். திரும்பி முதுகைக் காட்டி ஆடினால் சரியாக வைக்கிறார்கள். பழகிய பிறகு எதிரே நின்றாலும் குழப்பம் இல்லை. இதற்கும் அந்த நியூரானுக்கும் தொடர்பு உண்டா?

சூலூர் ஆசிரியர்

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வரும் சோதனை ஒன்று உண்டு. இந்த விவாதத்தில் என் நிலைக்கு முக்கிய ஆதாரமும் அதுவே. கரோலின் கேட்மர், வின்சென்ட் வால்ஷ், ஹெய்ஸ் மூவரும் 2007இல் செய்தது. சாதாரணமாக, பிறர் ஆட்காட்டி விரலை அசைப்பதைப் பார்த்தால் நம் ஆட்காட்டி விரல் தசைதான் காந்தத் துடிப்புக்குக் கூடுதலாக இழுக்கும். இவர்கள் சிலருக்கு மாற்றுப் பயிற்சி கொடுத்தார்கள். திரையில் ஆட்காட்டி விரல் அசைந்தால் நீங்கள் சுண்டு விரலை அசைக்க வேண்டும், சுண்டு விரல் அசைந்தால் ஆட்காட்டி விரலை. பயிற்சிக்குப் பிறகு சோதித்தால், ஆட்காட்டி விரல் அசைவதை வெறுமனே பார்த்தபோது அவர்களின் சுண்டு விரல் தசை கூடுதலாக இழுத்தது. கண்ணாடி தலைகீழாகிவிட்டது. பரிணாமம் நிலைநிறுத்திய ஏற்பாடு என்றால் சிறிது நேரப் பயிற்சியில் இப்படித் திரும்புமா? பழக்கத்தில் வந்ததால்தான் பழக்கத்தால் மாறுகிறது.

வால்பாறை

ஐயா, அந்தச் சோதனை நல்ல சோதனை. ஆனால் மாற்றக்கூடியது என்பதும் பிறவியில் இல்லை என்பதும் ஒன்றாகாது. மனிதக் குழந்தை நடப்பதற்கான அடிப்படை பிறவியிலேயே இருக்கிறது. பயிற்சி கொடுத்தால் கயிற்றின் மேலும் நடக்கும். பொட்டு மடலிலிருந்து பக்க மடல் வழியாக எஃப்5 வரை போகும் அந்தப் பாதையை அனுபவமா போட்டது? கருவிலேயே மரபணுக்கள் போட்டுவைத்த பாதை அது. சேர்ந்து துடித்து வலுப்பட வேண்டும் என்றாலும் முதலில் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். 2016 குழந்தை ஆய்வின் பதிவுகளையே மெல்ட்சாஃப் குழு 2018இல் மறுபடி ஆராய்ந்து, நாக்கை நீட்டுவதில் பின்பற்றுதல் இருப்பதாக வாதிட்டது. ஆகவே அந்த ஆய்வு தீர்ப்பாகிவிடாது.

இன்னொன்று, 2023இல் ஸ்டான்ஃபோர்டில் எலிகளின் ஹைப்போதலாமஸில் ஒரு வகை நியூரான்களைக் கண்டார்கள். எலி சண்டையிடும்போதும் துடிக்கின்றன, வேறு எலிகள் சண்டையிடுவதைப் பார்க்கும்போதும் துடிக்கின்றன. அவற்றை அடக்கினால் எலி சண்டையிடுவது குறைகிறது. செயற்கையாகத் தூண்டினால் கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே தாக்குகிறது. ஹைப்போதலாமஸ் மூளையின் மிகப் பழமையான பகுதிகளில் ஒன்று. தொட்டிலில் விரலைப் பார்த்து வந்த இணைப்பு என்று இதை விளக்குவது கடினம்.

சூலூர் ஆசிரியர்

பாதை மரபில் வந்தது என்பதை நான் மறுத்ததே இல்லை. அந்தப் பாதையில் எந்தக் காட்சி எந்த அசைவோடு சேரும் என்பதை அனுபவம் தீர்மானிக்கிறது என்கிறேன். எலியின் சண்டை நியூரான் வேறு வகை. எதிரியைக் கண்டால் பொங்க வேண்டியது எலிக்கு உயிர்ப் பிரச்சினை. விரல் நுனியால் கடலையை எடுக்கும் கைத்திறன் அப்படிப்பட்டதல்ல. கைத்திறனுக்கு நெருங்கிய ஒப்புமை வேண்டுமானால் பறவையின் பாட்டைப் பாருங்கள். சதுப்புநிலச் சிட்டு ஒன்றின் மூளையில், தான் ஒரு பாட்டைப் பாடும்போதும் அதே பாட்டைக் கேட்கும்போதும் துடிக்கும் நியூரான்களை 2008இல் ரிச்சர்ட் மூனி குழு கண்டது. அந்தச் சிட்டு தன் பாட்டைக் கற்றுத்தான் பாடுகிறது.

அந்தியூர் அப்பா

நீங்கள் அனைவரும் எழுதியதைப் படித்தேன். என் மகனைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. அவனுக்கு அந்த நியூரான்கள் இல்லையா?

வால்பாறை

மன்னியுங்கள் அண்ணா, இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன். பிறவி பற்றி ஆசிரியர் ஐயாவோடு நான் எவ்வளவு வாதிட்டாலும், இந்த விஷயத்தில் எனக்கு ஐயம் இல்லை. உங்கள் மகனுக்கு அந்த நியூரான்கள் வேலை செய்யவில்லை என்று அந்த மையம் சொல்வதற்கு எந்த வழியும் இல்லை.

மனித மூளையில் தனித்தனி நியூரானாகக் கண்ணாடி நியூரானைப் பதிவு செய்ததற்குப் பெயர் பெற்ற ஆய்வு 2010இல் ராய் முகாமெல் குழு செய்தது. வலிப்பு நோய் அறுவை சிகிச்சைக்காக ஏற்கெனவே மூளைக்குள் மின்முனை வைக்கப்பட்டிருந்த 21 பேரிடம் 1,177 நியூரான்களைப் பதிவு செய்தார்கள். கண்ணாடிப் பண்புள்ளவை நெற்றி மடலின் உட்பக்கத்திலும், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் கிடைத்தன. மண்டையைத் திறக்காமல் தனி ஒரு நியூரானைப் பார்க்க வழி இல்லை. ஸ்கேனும், தலையின் மேல் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யும் லட்சக்கணக்கான நியூரான்களின் கூட்டுச் செயலைத்தான் காட்டும். உங்கள் மகனுக்கு அவர்கள் எதை வைத்து அளந்தார்கள் என்று கேளுங்கள்.

சூலூர் ஆசிரியர்

அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து கலிபோர்னியாவில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரன், உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான்கள் செய்யும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். பிறர் துயரை நம் துயராக உணர வைப்பவை என்று காந்தி நியூரான்கள் என்றும் பெயரிட்டார். வெட்டி அகற்றப்பட்ட கை இன்னும் வலிப்பதாக உணர்பவர்களுக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து நிவாரணம் காட்டிய பேரறிஞர் அவர். அவர் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. அவரும் லிண்ட்சே ஓபர்மனும் 2005 வாக்கில் ஆட்டிசம் உள்ள சிலரிடம் இ.இ.ஜி. பதிவு செய்து, பிறர் செயலைப் பார்க்கும்போது வர வேண்டிய ஓர் அலை மாற்றம் அவர்களிடம் வரவில்லை என்றார்கள். உடைந்த கண்ணாடி என்ற கருத்து அதிலிருந்து உலகமெங்கும் பரவியது. பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றில் அந்த முடிவு மறுபடி கிடைக்கவில்லை. 2013இல் அன்டோனியா ஹாமில்டன் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, ஆட்டிசத்தில் கண்ணாடி அமைப்பு மொத்தமாகப் பழுதடைந்திருக்கிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்று எழுதினார். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பிறர் செயலின் நோக்கத்தை நன்றாகவே புரிந்துகொள்வதை அவரே வேறு சோதனைகளில் காட்டியிருக்கிறார்.

கைவிடப்பட்டு வரும் ஒரு கருத்தை வைத்து உங்களிடம் பணம் கேட்கிறார்கள். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தியூர் அப்பா

மிக்க நன்றி ஐயா, தம்பி. பணம் கட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் கைதட்டினால் மகன் தட்டுவதில்லை. ஆனால் அவன் தட்டைக் கவிழ்த்து அதில் தாளம் போடும்போது, நானும் பக்கத்தில் இன்னொரு தட்டைக் கவிழ்த்து அதே மாதிரி போட்டால், நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். வேறு எப்போதும் அப்படிப் பார்ப்பதில்லை. இதில் ஏதாவது இருக்கிறதா?

பெருந்துறை பிசியோ

நிறைய இருக்கிறது அண்ணா. நிறுத்தாமல் செய்யுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தை செய்வதைப் பெரியவர் அப்படியே திருப்பிச் செய்தால், குழந்தை அவரைப் பார்ப்பதும் நெருங்கி வருவதும் கூடுகிறது என்று பிரான்ஸில் ஜாக்குலின் நாடல் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் புரூக் இங்கர்சால் இதையே ஒரு பயிற்சி முறையாக வகுத்தார். ஒரே மாதிரிப் பொருள் இரண்டு வேண்டும். தட்டு என்றால் இரண்டு தட்டு, கரண்டி என்றால் இரண்டு கரண்டி. முதலில் அவன் செய்வதை நீங்கள் செய்யுங்கள், அவன் எழுப்பும் ஓசையையும் திருப்பி எழுப்புங்கள். அவன் உங்களைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு, நடுவில் நீங்கள் புதிதாக ஒன்றைச் செய்து காட்டுங்கள். அவன் திரும்பச் செய்தால் உற்சாகப்படுத்துங்கள். செய்யாவிட்டால் வற்புறுத்தாமல் மறுபடி அவனைப் பின்பற்றுங்கள். பாட்டி செய்வதாக ஆசிரியர் ஐயா சொன்னாரே, இது அதே வேலைதான். இந்த ஒரு இடத்தில் அவர் விளக்கம் எனக்கும் பொருந்தி வருகிறது.

இதனோடு பேச்சுப் பயிற்சியும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் சிகிச்சையும் (ஆக்குபேஷனல் தெரபி) அவசியம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு, கட்டணம் கிடையாது. மருத்துவர் கொடுத்த சான்றையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். அவன் தாளம் போடுவதையும் உங்களைப் பார்ப்பதையும் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போங்கள். புதிய இடத்தில் அவன் அதைச் செய்யாமல் இருக்கலாம், சிகிச்சையாளர் அதைப் பார்க்க வேண்டும்.